ஒரு டெராபைட் தரவுக்குப் பதினொன்றரை டெராபைட் இடம்: நிறுவனச் சேமிப்பகச் செலவு எங்கே கூடுகிறது?

நிறுவனத்தின் சேமிப்பகம் நிரம்பப்போகிறது என்ற எச்சரிக்கை வந்ததும் புதிய டிஸ்க்குகளுக்கு விலைப்புள்ளி கேட்கப்படுகிறது. எத்தனை டெராபைட் வாங்கலாம் என்று விரிவாக விவாதிக்கிறார்களே தவிர, ஏற்கெனவே இருக்கும் இடத்தில் என்ன கிடக்கிறது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. சேமிப்பக நிர்வாகப் பணியில் நான் கண்டவரை, செலவின் பெரும்பகுதி தரவினால் வருவதில்லை. அதன் நகல்களால் வருகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு டெராபைட் அளவுள்ள தரவுத்தளம், எட்டுத் தரவு டிஸ்க்குகளுக்கு இரண்டு பாரிட்டி டிஸ்க்குகள் (டிஸ்க் பழுதானால் தரவை மீட்க உதவுபவை) கொண்ட ரெய்டு 6 அமைப்பில் 1.25 டெராபைட் இடத்தை எடுத்துக்கொள்ளும். பேரிடர் மீட்பு மையத்தில் அதே அளவு இன்னொரு முறை தேவை. மென்பொருள் உருவாக்கம், சோதனை, பயிற்சி, அறிக்கை தயாரிப்பு ஆகிய நான்கு பிரிவுகளும் ஆளுக்கொரு முழு நகலை அதே வகை டிஸ்க்குகளில் வைத்திருந்தால் 5 டெராபைட் போய்விடும். வாரம் ஒரு முழு பேக்கப் எடுத்து நான்கு வாரங்கள் வைத்திருந்தால் மேலும் 4 டெராபைட். தரவின் அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டுகளைச் சேர்க்காமலேயே கணக்கு 11.5 டெராபைட்டுக்கு வந்துவிடுகிறது.

இவற்றில் மீட்பு மைய நகலிலும் பேக்கப்பிலும் செலவுக்காகக் கைவைக்கக் கூடாது. குறைக்க வேண்டியவை அந்த நான்கு முழு நகல்களே. மூலத் தரவின் பிளாக்குகளையே பகிர்ந்துகொண்டு, மாற்றப்படும் பகுதிக்கு மட்டும் புதிய இடம் எடுக்கும் குளோன் வசதி இன்றைய ஸ்டோரேஜ் அமைப்புகள் பலவற்றில் இருக்கிறது. வாங்கிய வசதியைப் பயன்படுத்தாமலேயே அடுத்த கொள்முதலுக்குப் போகும் நிறுவனங்கள் உண்டு. அதோடு, சோதனைப் பிரிவுக்கு வாடிக்கையாளரின் உண்மையான பெயரும் தொலைபேசி எண்ணும் எதற்கு? அடையாளம் மறைக்கப்பட்ட ஒரு சிறு பகுதியே அவர்களுக்குப் பெரும்பாலும் போதும். இடமும் மிஞ்சும், தரவு கசியும் ஆபத்தும் குறையும்.

நகல்கள் நிறைய இருந்தால் பாதுகாப்பு என்ற எண்ணமும் சரியல்ல. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில், நடப்புப் பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தின் கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, அங்கு ஏற்படுத்தப்பட்டிருந்த ஐந்து விதமான பேக்கப், நகலெடுப்பு முறைகளில் எதுவும் நம்பத்தக்க நிலையில் இல்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் ஒரு பொறியாளர் கையால் எடுத்துவைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. மீட்டுப் பார்த்துச் சோதிக்காத பேக்கப்புக்குச் செலவிடும் பணம், டிஸ்க்கில் இடம் பிடிப்பதைத் தவிர வேறெதற்கும் உத்தரவாதம் தருவதில்லை.

டீடூப்ளிகேஷன் (ஒரே தரவின் நகல்களை நீக்குதல்), கம்ப்ரஷன் (தரவைச் சுருக்குதல்) ஆகியவற்றைப் பற்றி விற்பனையாளர்கள் சொல்லும் விகிதங்களை நிதானமாகப் படிக்க வேண்டும். 2:1 என்றால் பாதி இடம் மிச்சம். 5:1 என்றால் 80 விழுக்காடு. 10:1 என்றால் 90. 20:1 என்றால் 95. பத்திலிருந்து இருபதுக்குப் போவது காதுக்கு இரட்டிப்பாகக் கேட்டாலும், கூடுதலாகக் கிடைப்பது ஐந்து விழுக்காடுதான். ஒரே இயங்குதளத்தைக் கொண்ட மெய்நிகர் கணினிகளிலும், திரும்பத் திரும்ப எடுக்கப்படும் முழு பேக்கப்புகளிலும் நல்ல விகிதம் கிடைக்கும். வீடியோ, ஒளிப்படம், ஸ்கேன் செய்த ஆவணம் போன்ற ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்புகளில் மிகக் குறைவாகவே கிடைக்கும். தரவு ஸ்டோரேஜை அடையும் முன்பே பயன்பாட்டு மென்பொருளின் மட்டத்தில் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டுவிட்டால் சுருக்கமும் நகல்நீக்கமும் ஏறக்குறையப் பயனற்றுப்போகின்றன. குறியாக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அத்தகைய தரவுக்கு அந்த விகிதத்தை நம்பிக் கொள்ளளவைக் கணக்கிடக் கூடாது என்கிறேன்.

கிளவுடில் வைத்தால் மலிவு என்பது நிபந்தனைக்கு உட்பட்ட உண்மை. அமேசானின் கிளவுட் சேமிப்பகமான எஸ்3-இல், அடிக்கடி எடுக்காத தரவுக்கான ஸ்டாண்டர்ட் ஐஏ வகுப்பில் ஒரு கோப்பு 10 கிலோபைட்டாக இருந்தாலும் 128 கிலோபைட்டுக்கே கட்டணம். 30 நாளுக்குள் அழித்தாலும் 30 நாளுக்கான தொகை உண்டு. நீண்டகாலச் சேமிப்புக்கான டீப் ஆர்க்கைவ் வகுப்பில் அந்தக் குறைந்தபட்சக் காலம் 180 நாள். வழக்கமான முறையில் தரவைத் திரும்பப் பெறப் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். இலட்சக்கணக்கான சிறு கோப்புகளை யோசிக்காமல் மலிவு வகுப்புக்கு மாற்றிச் செலவைக் கூட்டிக்கொள்வது அரிதான நிகழ்வல்ல. முதலில் அவற்றைத் தொகுத்து ஒரே கோப்பாக்க வேண்டும். வெர்ஷனிங் (பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் வசதி) இயக்கப்பட்ட பக்கெட்டில், அதாவது எஸ்3-இன் சேமிப்புத் தொகுப்பில், அழித்த கோப்பின் பழைய பதிப்புகளுக்கும், பெரிய கோப்பைத் துண்டுதுண்டாக ஏற்றும்போது பாதியில் நின்றுபோன மல்டிபார்ட் பதிவேற்றங்களுக்கும் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றை நீக்கும் விதியை எழுத அதிக நேரம் ஆகாது.

நீண்ட காலத்துக்கு வைத்திருக்க வேண்டியவற்றுக்கு டேப் (காந்த நாடா) இன்னும் பழையதாகிவிடவில்லை. எல்டிஓ என்ற டேப் வகையின் ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ 9 டேப் ஒன்றில் சுருக்காமலே 18 டெராபைட் அடங்கும். அலமாரியில் இருக்கும்போது மின்சாரம் வேண்டாம், வலையமைப்பின் வழியே வந்து தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் அதைத் தொட முடியாது. ஆனால் எல்டிஓ 9 டேப்பைப் படிக்கும் டிரைவ் ஒரு தலைமுறை முந்தைய எல்டிஓ 8 வரைதான் படிக்கும் என்பதால், பழைய டேப்புகளைப் புதியவற்றுக்கு மாற்றும் செலவையும் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

எதையும் அழிக்காதீர்கள், சட்டச் சிக்கல் வரும் என்ற அச்சம்தான் இத்தனைக்கும் அடியில் இருக்கிறது. சட்டம் சொல்வது வேறு. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட் இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு லாக்குகளை (கணினிகளின் செயல்பாட்டுப் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேறு சட்டம் கேட்டாலன்றி, நோக்கம் நிறைவேறிய பின் தனிநபர் தரவை அழிக்க வேண்டும் என்கிறது.

எதை வைத்திருப்பது, எதை அழிப்பது என்ற முடிவைச் சேமிப்பக நிர்வாகியின் தலையில் கட்டுவது முறையல்ல. தரவுக்கு உரிய துறையே எடுக்க வேண்டும். ஒவ்வொரு துறையும் பிடித்திருக்கும் இடம், அதன் மாதச் செலவு, ஓராண்டுக்கு மேல் எவரும் திறக்காத கோப்புகளின் அளவு ஆகிய மூன்றையும் மாதந்தோறும் அத்துறைத் தலைவருக்கு அனுப்பினால் பேச்சு தானாகத் தொடங்கும். அழிக்கலாம் என்று ஒப்புதல் வந்தவற்றை உடனே அழிக்காமல், மூன்று மாதம் படிக்க மட்டும் முடியும் நிலையில் வைத்திருந்து, எவரும் தேடி வரவில்லை என்றால் நீக்கலாம். பணியை விட்டுப் போனவர்களின் கோப்புறைகள், நிறுத்தப்பட்ட மெய்நிகர் கணினிகளின் டிஸ்க்குகள், முடிந்துபோன திட்டங்களின் சோதனை நகல்கள் ஆகியவற்றுக்கு உரிமையாளர் பெயர் எழுதும் வேலையை அடுத்த விலைப்புள்ளி கேட்கும் முன் முடித்துவிடுங்கள்.