மிதவையின் அடியில் ஒரு படி

மாலத்தீவுக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். கரையேற்றி நிறுத்தியிருந்த கடல் விமானத்தின் மிதவையைப் பக்கத்திலிருந்து பார்த்தாராம். முன்னாலிருந்து வழவழவென்று வரும் அடிப்பாகம் நடுவில் சட்டென்று வெட்டியதுபோல் ஒரு படி மேலேறி, அதற்குப் பின் தொடர்கிறது. ‘எங்கள் ஊர்ப் படகுகளில் இப்படிப் பார்த்ததே இல்லை, இது எதற்கு?’ என்பது முதல் கேள்வி. விமானி ஏன் வெறுங்காலோடு இருக்கிறார் என்பது இரண்டாவது.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். அங்கே விமானி வேலை இருக்கையோடு முடிவதில்லை. ஈரமான மிதவையின் மேல் நடக்க வேண்டும், கயிறு பிடிக்க வேண்டும், மேடையில் கட்ட வேண்டும். உப்புநீரில் ஊறிய ஷூவுக்கு வெறுங்கால் எவ்வளவோ மேல்.

மாலத்தீவில் ஏறத்தாழ 1,190 தீவுகள் இருக்கின்றன. மாலேக்கு அருகிலுள்ள வேலானா விமான நிலையத்தில் இறங்குபவர்களைத் தொலைதூர விடுதித் தீவுகளுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் ட்வின் ஆட்டர் என்ற கனடா நாட்டு விமானம். 1965இல் முதலில் பறந்தது. இன்றும் அதற்கு மாற்று இல்லை என்று விமானிகள் சத்தியம் செய்வார்கள். இரண்டு விமானிகள், ஒரு பணியாளர். நாளைக்கு யார் யார் எந்தத் தீவுக்குப் போகிறார்கள் என்பதைப் பார்த்து முந்தின நாள் மாலையில்தான் பயண நேரமே முடிவாகும். பறப்பதெல்லாம் பகல் வெளிச்சத்தில் மட்டும்.

மிதப்பது எப்படி என்பதற்கு ஆர்க்கிமிடீஸ் போதும். மிதவைகளின் மொத்த மிதப்புத்திறன் விமானத்தின் உச்ச எடையைவிட 80 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு மிதவைக்குள்ளும் நீர் புகாத தனித்தனி அறைகள் உண்டு. கிளம்பும் முன் ஒவ்வோர் அறைக்கும் உள்ள சிறு துளையின் ரப்பர் அடைப்பை எடுத்து, கைப்பம்பைச் செருகி, கசிந்திருக்கும் நீரை உறிஞ்சி எடுப்பார்கள். வழக்கத்தைவிட அதிகமாக நீர் வரும் அறை எதுவோ, ஓட்டை அங்கேதான். கருவி எதுவும் தேவையில்லாத இந்தச் சோதனையை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மிதக்கிற ஒன்றைப் பறக்க வைப்பதுதான் பெரும்பாடு. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. நீரில் ஓடும் எதுவும் தனக்கு முன்னால் ஓர் அலையை எழுப்பும்; வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். மிதவை 9 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 13 அல்லது 14 கிலோமீட்டர் வேகத்தில் அலையின் நீளமும் மிதவையின் நீளமும் சமமாகிவிடும். அதைத் தாண்டினால் வால்பக்கம் அலைப்பள்ளத்தில் இறங்கும், மூக்கு மேலே தூக்கும். விமானம் தானே எழுப்பிய அலையின் மீது தானே மலையேற வேண்டிய நிலை. எஞ்சின்கள் முழு மூச்சில் அலறும், ஜன்னலெல்லாம் நீர்த்திவலை, வேகமோ ஏற மறுக்கும். நீரின் எதிர்ப்பு உச்சத்தைத் தொடும் இந்தக் கட்டத்தைத் தாண்டினால்தான் பறக்கலாம்.

தாண்டியதும் மிதவை நீரைக் கிழித்துப் போவதை விட்டு, நீரின் மேல் சறுக்கத் தொடங்குகிறது. படியின் வேலை இங்கேதான்.

வீட்டில் குழாயைத் திறந்து, கரண்டியின் குவிந்த முதுகை ஒழுகும் நீரின் ஓரத்தில் மெல்லத் தொடச் செய்யுங்கள். நீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். கரண்டி நீருக்குள் இழுக்கப்படும். நீர் வளைந்த பரப்பை ஒட்டிக்கொண்டு திசை திரும்புகிறது. அப்படித் திருப்ப ஒரு விசை வேண்டும், அதற்கு எதிர்விசை கரண்டியின் மேல் விழுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி, அவ்வளவுதான்.

படி இல்லாமல், பின்பக்கம் அழகாக மேல்நோக்கி வளைந்த மிதவைக்கும் இதே கதிதான். வேகம் கூடும்போது நீர் அந்த வளைவை ஒட்டிக்கொண்டு மேலேற, மிதவையின் பின்பாதி கீழே உறிஞ்சப்படும். இறக்கைகள் மேலே தூக்க, கடல் வாலைப் பிடித்து இழுக்கும். அடிப்பாகத்தைக் கூர்மையான விளிம்போடு வெட்டிப் படி வைத்துவிட்டால், வேகமாக வரும் நீரால் அந்த முனையில் வளைந்து திரும்ப முடியாது. நேராகப் பின்னோக்கிப் பாய்ந்துவிடும். உண்டாகும் இடைவெளியில் பக்கங்களிலிருந்து காற்று புகுந்துகொள்ளும். பின்பாதி முழுக்க நீரை விட்டு விலகிவிட, படிக்கு முன்னால் உள்ள சிறு பகுதி மட்டும் நீரைத் தொட்டபடி ஓடும்.

அப்படியானால் பின்பாதியே வேண்டாமென்று வெட்டி எறிந்துவிடலாமே? கூடாது. நிற்கும்போதும் மெதுவாக நகரும்போதும் வாலைத் தாங்க அது வேண்டும். இல்லையென்றால் விமானம் பின்பக்கமாகச் சாய்ந்துவிடும். படி இருக்கும் இடமும் யோசித்து வைத்ததுதான்: விமானத்தின் எடை மையத்துக்குச் சற்றுப் பின்னால். கிளம்பும் தருணத்தில் அந்த விளிம்பின் மேலேயே விமானத்தைச் சற்றுச் சாய்த்து மூக்கை உயர்த்தலாம். மேலே ஏறிய பின்பாதி நீரில் இடிக்காது. மூக்கு அளவுக்கு மீறித் தாழ்ந்தாலோ உயர்ந்தாலோ விமானம் ஓங்கில் (டால்பின்) போலத் துள்ள ஆரம்பிக்கும். சரியான கோணம் எது என்பது புத்தகத்தைவிட விமானியின் உடம்புக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இந்தப் படியை முதலில் முன்வைத்தவர்களில் ஒருவர் பாதிரியார் என்பது கதையின் சுவையான பகுதி. 1872இல் இங்கிலாந்தின் சார்லஸ் மீட் ரேமஸ், கப்பலின் அடியில் படி வைத்தால் நீரின் மேல் சறுக்கிப் போகும் என்று கடற்படைத் தலைமையகத்துக்கு எழுதினார். சிரித்துவிட்டுக் குப்பையில் போடவில்லை. அரசுப் பணத்தில் டார்க்கீ நகரில் சோதனைத் தொட்டி வைத்திருந்த வில்லியம் ஃபிரவுடிடம் அனுப்பினார்கள். அவர் மாதிரிகள் செய்து இழுத்துப் பார்த்து, அன்றைய நீராவி எஞ்சின்களின் வலுவுக்கு இது கட்டுப்படியாகாது என்றார். சரியான தீர்ப்பு. நாற்பது ஆண்டுகள் கழித்து, எடை குறைந்த பெட்ரோல் எஞ்சின் வந்த பிறகு, அமெரிக்காவின் கிளென் கர்டிஸ் கட்டிய பறக்கும் படகு நீரை விட்டு எழும்பப் படிதான் கைகொடுத்தது.

இதில் என்ன லாபம் என்று முதலிலேயே கேட்கிறவர்கள் அந்தத் தொட்டியைக் கட்டியிருக்கவே மாட்டார்கள். நம் நாட்டில் கடல் விமானம் என்றால் தொடக்க விழாதான். 2020 அக்டோபர் 31 அன்று குஜராத்தில் சபர்மதியிலிருந்து கெவாடியாவுக்குப் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கிய சேவை அடுத்த ஆண்டே நின்றுபோனது. அந்த ட்வின் ஆட்டரே மாலத்தீவிலிருந்து வந்தது. பராமரிப்புக்கும் அங்கேயே போனது. பராமரிப்புப் பட்டறைக்கும் சோதனைத் தொட்டிக்கும் செலவிடாமல் ரிப்பனுக்கும் கத்தரிக்கோலுக்கும் செலவிட்டால் இப்படித்தான் ஆகும். 2019இல் பிரான்சில் ரஃபேல் விமானத்தின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். மிதவை விமானத்தில் அதற்கும் வழியில்லை, பழம் மிதந்து போய்விடும்.

விமானியிடம் எந்த நாள் பிடிக்காது என்று கேட்டால் கண்ணாடிபோல அசையாத கடலைச் சொல்வார். சுற்றுலாப் பயணி அதைத்தான் படம் எடுப்பார். சிற்றலை இருந்தால் மிதவைக்கு அடியில் காற்று எளிதாகப் புகும். அசையாத நீர் விட மறுத்து ஒட்டிக்கொள்ளும். காற்றும் வீசாத வெப்பமான நாளில், நிறைந்த சுமையோடு, அந்த அலைமேட்டைத் தாண்டுவதே திண்டாட்டம். பெட்டிகளை எடை போடுவதும், சில நேரம் நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் பெட்டி அடுத்த விமானத்தில் வருவதும் வெறும் கெடுபிடி அல்ல. சுமை இருந்தும் கிளம்பியாக வேண்டுமென்றால் விமானி ஒரு பக்க மிதவையை முதலில் சற்றே தூக்குவார். ஒட்டியிருக்கும் பரப்பு பாதியாகிவிடும். மற்றது தானாக வரும்.

இறங்குவது இன்னும் மோசம். கண்ணாடி நீரில் மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பத்து அடி உயரமா, ஐம்பதா? ஆகவே விமானி கண்ணை நம்புவதில்லை. முடிந்தால் கரையை ஒட்டி இறங்குவார். மூக்கைச் சற்று உயர்த்தி, எஞ்சின் வலுவை ஓர் அளவில் நிறுத்தி, நிமிடத்துக்கு 150 அடி என்ற மிக மெதுவான கணக்கில் இறங்கவிட்டு, மிதவை நீரைத் தொடும்வரை அப்படியே காத்திருப்பார்.

தொட்ட பிறகு பிரேக் கிடையாது. புரொபெல்லரின் இதழ்களைத் திருப்பிப் பின்னோக்கி உந்தித்தான் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியும். போதாததற்கு, 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, நீரில் இருக்கும் கடல் விமானம் பொதுவாக மற்றக் கலங்களின் வழியில் குறுக்கிடாமல் விலகி நிற்க வேண்டும். எதிரே ஒரு தோணி மெல்லக் கடந்து போனால், இரண்டு டர்போ எஞ்சின் வைத்திருப்பவர்தான் ஒதுங்க வேண்டும்.