பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் எப்படி நிற்கிறது?

நிறைமாதத்தில் ஒரு பெண்ணின் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி வரை ரத்தம் பாய்கிறது. அவர் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஐந்தாறு லிட்டர்தான். குழந்தை பிறந்தபின் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரை விட்டுப் பிரியும்போது, அந்த ரத்தத்தைக் கொண்டுவந்த குழாய்களின் வாய் அப்படியே திறந்துகொள்கிறது. எதுவும் அடைக்காவிட்டால் பத்து நிமிடம் போதும், உயிர் போய்விடும். ஆனால் பெரும்பாலான தாய்மார்களுக்குக் கொஞ்ச நேரத்தில் தானாகவே ரத்தம் கட்டுப்பட்டுவிடுகிறது.

கையில் கத்தி பட்டால், வெட்டுப்பட்ட குழாய் முதலில் தானே சுருங்கும். அப்புறம் ரத்தம் உறைந்து வாயை அடைக்கும். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்துத் தமனிகளால் அப்படிச் சுருங்க முடியாது. கர்ப்பத்தின் முதல் பாதியிலேயே நஞ்சுக்கொடியின் செல்கள் அவற்றுக்குள் புகுந்து, சுவரில் இருந்த தசையை நீக்கிவிடுகின்றன. குழந்தைக்குத் தடையில்லாமல் ரத்தம் போக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. (இந்த மாற்றம் சரியாக நடக்காமல் போவதுதான், பல பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் எகிறுவதற்கு ஒரு காரணம்.) குழந்தையை வளர்த்த அதே அகன்ற குழாய்கள், பிரசவம் முடிந்ததும் தாய்க்கு ஆபத்தாகிவிடுகின்றன.

அவற்றை மூடுவது கருப்பையின் தசை. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் தசைநார்களுக்கு நடுவே நுழைந்துதான் தமனிகள் உள்ளே வருகின்றன. கருப்பை இறுகும்போது, சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தது போல, அந்த நார்கள் குழாய்களை நெரித்து மூடிவிடுகின்றன. உறைதல் அதற்குத் துணையாக வருவது.

அதனால்தான் பிள்ளை பெற்றவரின் வயிற்றை நர்ஸ் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்கிறார். தொப்புள் மட்டத்தில் கருப்பையின் மேல்பகுதி கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். கொழகொழவென்று இருந்தால் தசை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே வட்டமாகத் தேய்த்துவிட்டு இறுக வைப்பார். வலி தாங்காமல் அவர் கையைத் தள்ளிவிடும் பெண்களும் உண்டு. பச்சை உடம்பு, பாவம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும் கருப்பை இறுகாது, அதனால் சிறுநீர் போகச் சொல்லி வற்புறுத்துவார்கள்.

பிரசவ உதிரப்போக்கில் பத்துக்கு ஏழு, இந்தத் தசைத் தளர்ச்சியால் வருவது. மற்றவை, பிறப்புப் பாதையில் கிழிசல், உள்ளே தங்கிப்போன நஞ்சுக்கொடித் துண்டு, ரத்தம் உறையாமை. இரட்டைக் குழந்தை, நீண்ட பிரசவ வலி போன்றவை ஆபத்தைக் கூட்டும். ஆனால் எந்த முன்னறிகுறியும் இல்லாத பெண்ணுக்கும் இது வரலாம். அதனால், குழந்தை பிறந்தவுடன் எல்லாத் தாய்மார்களுக்கும் 10 யூனிட் ஆக்சிடோசின் போடுகிறார்கள். தசையை இறுகச் செய்யும் ஹார்மோன் அது. குழந்தை மார்பில் பால் குடிக்கும்போது தாயின் மூளையிலிருந்து சுரப்பதும் இதே ஹார்மோன்தான். மருந்தாக வரும் ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் நிலையில்லாத ஊர்களில் ஃப்ரிட்ஜ் நின்றால் மருந்து வீரியம் இழக்கும், வெளியே பார்த்தால் தெரியாது.

இவ்வளவு தெரிந்தும் உலகில் ஆண்டுக்குச் சுமார் 45,000 பெண்கள் இதில் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்துத் தட்டுப்பாடு ஒரு காரணம். அதைவிட என்னை உறுத்துவது, எவ்வளவு ரத்தம் போகிறது என்பதே பல நேரம் தெரியாமல் போவது. ரத்தம் துணியில் ஊறுகிறது, பனிக்குட நீரோடு கலக்கிறது, கட்டிலுக்கு அடியில் வழிகிறது. அனுபவசாலிகளின் கண்கூட அளவைக் குறைத்தே மதிப்பிடுகிறது. தாயின் உடம்பும் சீக்கிரம் காட்டிக்கொடுப்பதில்லை. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு நாற்பது, ஐம்பது சதவீதம் கூடியிருக்கும். இளம் இதயம் வேகமாகத் துடித்து ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். அழுத்தம் விழுவதற்குள் ஒரு லிட்டருக்கும் மேல் போயிருக்கலாம்.

இதற்குக் கிடைத்த விடை ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. தாயின் இடுப்புக்குக் கீழே விரித்தால், ரத்தம் அதன் நுனியில் உள்ள புனல் போன்ற பைக்குள் இறங்கும். பையில் அளவுக்கோடுகள் இருக்கும். கர்நாடகத்தின் பெல்காமில் 2000-களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வில் இப்படிப்பட்ட விரிப்பைப் பயன்படுத்தினார்கள். பிற்பாடு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் சோதித்துப் பார்த்தார்கள். பையில் ரத்தம் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டியதுமே கருப்பையைத் தேய்ப்பது, ஆக்சிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், ட்ரிப்ஸ், கிழிசல் இருக்கிறதா என்ற பரிசோதனை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். 2023-இல் வந்த முடிவு: ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, அதற்காக வயிற்றைத் திறந்து அறுவை செய்வது, இறப்பு எல்லாம் சேர்த்து 60 சதவீதம் குறைந்தது. வழக்கமான முறையில் பாதி உதிரப்போக்குகள்தான் கண்டுபிடிக்கப்பட்டன. விரிப்பு வந்தபின் 93 சதவீதம். புது மருந்து எதுவும் இல்லை.

அந்தப் பட்டியலில் உள்ள டிரானெக்ஸாமிக் அமிலம், ஜப்பானில் உதாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேவும் 1960-களில் கண்டறிந்தது. உறைந்த ரத்தம் கரைந்துபோகாமல் அது தடுக்கும். பிரசவம் ஆன மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் உதிரப்போக்கால் நேரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 20,000 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-இல் காட்டியது. தாமதமாகும் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் பலன் பத்து சதவீதம் குறைகிறது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. மற்றவர்கள் தாங்கும் இழப்பை அவர்களால் தாங்க முடியாது. கர்ப்பகாலத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை பலருக்கு வயிற்றைப் புரட்டும், மலச்சிக்கல் தரும். பாதியில் நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

உதிரப்போக்கு பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் வருவது. ஆனால் வீட்டுக்கு வந்து பல நாள் கழித்தும் வரலாம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ, தலைசுற்றலோடு நெஞ்சு படபடத்தாலோ, காலைவரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.