சுவர் முதலில், சித்திரம் பிறகு

"படிக்கலாம் என்று எடுத்துவைக்கும் கட்டுரைகளை மருத்துவம், வரலாறு, சென்னை என்று பட்டியல் போட்டு வைக்கிறேன். ஒரே கட்டுரை மூன்றிலும் பொருந்துகிறது. எதில் போடுவது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவர் குறிப்பிட்ட கட்டுரை, 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையத்தைப் பற்றியது. நோயாளியை சானடோரியத்தில் படுக்க வைக்க வேண்டாம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் ஏறக்குறைய அதே அளவு குணமாகிறது என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியவர்கள் அவர்கள்.

நூலகர்களுக்கு இது பழைய தலைவலி. 1876இல் அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி அறிவு முழுவதையும் பத்தாக வெட்டி, ஒவ்வொன்றையும் மறுபடி பத்துப் பத்தாக வெட்டிக்கொண்டே போனார். மரம் மாதிரி. ஒரு புத்தகத்துக்கு ஒரு கிளைதான்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதனுக்கு இது பிடிக்கவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். பயிற்சிக்கு லண்டன் போனபோது அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். அதே துளை போட்ட தகடுகள், அதே திருகாணிகள். மாற்றி மாற்றி முடுக்கினால் வேறு வேறு பொம்மைகள். பொம்மையைச் செய்து விற்பதற்குப் பதில் துண்டுகளை விற்கிறார்கள்! தலைப்புகளையும் இப்படித் துண்டாகவே வைத்துக்கொண்டால் என்ன என்று யோசித்தார். 1933இல் கோலன் பகுப்பு முறை அச்சில் வந்தது. அதில் திருகாணி வேலையைச் செய்தது முக்காற்புள்ளி (:), ஆங்கிலத்தில் கோலன். மற்றக் குறிகள் பின்னால் சேர்ந்தன.

நம் வாசகியின் கட்டுரையை முடுக்கிப் பார்ப்போம். 'எல்' என்றால் மருத்துவம். நுரையீரல் 45, காசநோய் 421, சிகிச்சை 6, இந்தியா 44, 1950கள் 'என்5'. சேர்த்தால்:

எல்,45;421:6.44'என்5

துண்டுகளை இந்த வரிசையில் அடுக்கியது ஏன்? இங்கேதான் எனக்கு ரங்கநாதன் மேல் காதலே வருகிறது. அவர் வைத்த விதியின் பெயரே 'சுவர்–சித்திர விதி'. சுவர் இருந்தால்தானே சித்திரம்? எது இல்லாவிட்டால் மற்றது நிற்காதோ, அது முன்னால் வர வேண்டும். நுரையீரல் இல்லாமல் அதில் நோய் இல்லை. நோய் இல்லாமல் சிகிச்சை இல்லை. சிகிச்சை நடக்க ஓர் இடமும் காலமும் வேண்டும், ஆனால் அவை சிகிச்சையைப் பற்றி எதையும் சொல்வதில்லை, அதனால் கடைசியில். நம் பாட்டிகள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்போது எடுத்துவிடும் பழமொழி, அலமாரியில் புத்தகம் அடுக்கும் விதியாகிவிட்டது. இதே சிகிச்சை இன்னொரு நாட்டில் என்றால் கடைசித் துண்டுகள்தான் மாறும். புத்தகம் பக்கத்திலேயே நிற்கும்.

இப்போதெல்லாம் குறிச்சொல் போட்டால் போதுமே என்பார்கள். போதாது. 'மருந்து', 'கல்லீரல்' என்று இரண்டு குறிச்சொல் தட்டினால், கல்லீரல் நோய்க்கு மருந்து சொல்லும் கட்டுரையும் வரும், காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் கல்லீரலைக் கெடுப்பது பற்றிய கட்டுரையும் வரும். குறிச்சொல்லுக்கு எது சுவர், எது சித்திரம் என்று தெரியாது. ரங்கநாதனின் எண்ணுக்குத் தெரியும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் கட்டடம் எழும்பும்போது எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து புத்தகத்துக்கு ஒழுங்காக எண் போடும் ஆளுக்குச் சம்பளம் என்றால்தான் கை இழுக்கிறது.

சரி, வாசகி என்ன செய்யலாம்? மூன்று பட்டியலையும் கலைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரே வரிசையில் பெயர் வைக்கலாம்: "நுரையீரல் – காசநோய் – சிகிச்சை – சென்னை – 1959". அகர வரிசையில் அடுக்கினால் நுரையீரல் சமாச்சாரமெல்லாம் தானே ஒன்றாக வந்து நிற்கும். 'சென்னை' என்று தேடினாலும் இது அகப்படும். நான் நாலு வருஷமாக இப்படித்தான் வைத்திருக்கிறேன், 'அப்புறம்' என்று பெயர் வைத்த ஒரு கோப்புறையைத் தவிர. அதில் இருநூற்றுச் சொச்சம் கிடக்கின்றன.