டேப்பில் மில்லிமீட்டர், வாயில் அடிக்கணக்கு: கட்டுமானத் தொழிலாளர்களுக்கான பயிற்சியும் திறன் சான்றிதழும்

பதினோரு அடி பத்து அங்குல நீளம், பத்து அடி உயரம், ஒரு சுவர். பூச்சு வேலைக்குச் சதுர அடி 25 ரூபாய் என்று பேச்சு. கணக்குப் பார்ப்பவர் செல்போனில் 11.10 என்று தட்டிப் பத்தால் பெருக்கி, 111 சதுர அடி என்கிறார். கொத்தனாரும் சரி என்று தலையாட்டுகிறார். உண்மையில் அது 118 சதுர அடிக்கும் சற்று மேல். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால் பத்து அங்குலம் 0.10 அடி ஆகாது, 0.83 அடி. அந்தப் புள்ளி ஒன்றில் 180 ரூபாய் போய்விட்டது. பத்துச் சுவர் பூசினால் 1,800 ரூபாய்.

இதில் யாரும் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டவருக்கும் தெரியவில்லை, கேட்டவருக்கும் தெரியவில்லை. என் சித்தப்பா கொத்தனார். தூக்குக்குண்டு விடும் முன்பே சுவர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். ஆனால் பில் போடும் நேரம் வந்தால் ஓரமாகப் போய் நின்றுகொள்வார். கையில் இவ்வளவு தொழில் இருந்தும் தாளில் எழுதும்போது பின்வாங்குகிற இந்த இடத்துக்காகத்தான் அரசின் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் தொழிலாளி காசு கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் சைட்டில் விசாரித்தால், பாதிப் பேருக்கு மேல் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்கள்.

முதலாவது நல வாரியம் தரும் பயிற்சி. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1982-இல் வந்தது. அதன் கீழ் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல் தொடங்கியது. திருமண உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, 60 வயதுக்குமேல் ஓய்வூதியம், விபத்து இழப்பீடு என்று வாரியம் தருவதைப் பலரும் அறிவார்கள். வேலைத்திறனை மேம்படுத்தும் பயிற்சியும் அதே பட்டியலில் உண்டு.

இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இது யாரும் போடும் பிச்சை அல்ல. கட்டடம் கட்டுகிறவர் கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் நல வரியாகக் கட்டுகிறார். இரண்டு கோடி ரூபாயில் ஒரு வணிக வளாகம் எழுந்தால் இரண்டு லட்சம் ரூபாய் வாரியத்துக்குப் போகிறது. நீங்கள் ஏற்றிய செங்கல்லின் கணக்கில் வந்த பணம் அது.

செங்கல்பட்டு மாவட்டம் தையூரில் உள்ள தமிழ்நாடு கட்டுமானக் கழகத்திலும், காஞ்சிபுரம் மாவட்டம் நீவலூரில் எல் அண்ட் டி நிறுவனத்தின் பயிற்சி நிலையத்திலும் இந்தப் பயிற்சிகள் நடக்கின்றன. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி, ஏற்கெனவே வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வாரத் திறன் மேம்பாடு என்று இரண்டு வகை. கொத்து வேலை, கம்பி வளைப்பு, மரவேலை, பிளம்பிங், வெல்டிங், மின்சாரம் எனப் பிரிவுகள் உண்டு. ஒரு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. வேலையிழப்பை ஈடுகட்ட நாளொன்றுக்கு 800 ரூபாய் என்று 2023-இல் மாவட்டங்களில் வெளியான அறிவிப்புகள் சொல்லின. நீங்கள் சேரும் சமயத்தில் தொகை எவ்வளவு, எப்போது வங்கிக் கணக்கில் ஏறும், சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு ஆகிய மூன்றையும் பெயர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாவது ஏற்பாடு மத்திய அரசினுடையது. 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்துக்குள் ஆர்.பி.எல். (முன்பே கற்ற திறனை அங்கீகரித்தல்) என்று ஒரு பகுதி இருக்கிறது. பள்ளியிலோ ஐடிஐயிலோ படிக்காமல் வேலை செய்தே தொழில் கற்றவரின் திறனைச் சோதித்து, சான்றிதழ் கொடுப்பதுதான் அதன் வேலை. முதலில் சிறிது நேரம் விளக்க வகுப்பு, பிறகு செய்முறைத் தேர்வு, கேள்வி பதில், தேறினால் சான்றிதழ். முகாம் போட்டும் நடத்துகிறார்கள், பெரிய சைட்டாக இருந்தால் அங்கேயே வந்தும் நடத்துகிறார்கள். கட்டுமானத் துறைக்கான தரத்தை வகுப்பது இந்தியக் கட்டுமானத் திறன் மேம்பாட்டுக் கவுன்சில். உதவிக் கொத்தனாருக்கு ஒரு தரம், கொத்தனாருக்கு அடுத்த தரம், கம்பி வேலைக்கு, சென்ட்ரிங் வேலைக்குத் தனித்தனி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பொதுவாக வரும் ஒரு பாடம் உண்டு: அளவு எடுப்பது, அடிப்படைக் கணக்கு, ஓர் அளவை இன்னோர் அளவுக்கு மாற்றுவது.

இந்தப் பாடத்தைப் பார்த்துத்தான் கைத்தேர்ச்சி உள்ளவர்களும் பயப்படுகிறார்கள். கரண்டி பிடிக்கச் சொன்னால் சோதிப்பவரே அசந்துபோவார். மில்லிமீட்டரில் கேட்டால் மட்டும் திணறல். அதற்குக் காரணம் உண்டு. மீட்டர் கணக்குக்கு நாடு மாறியது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால். வரைபடம் மாறிவிட்டது, கம்பி மாறிவிட்டது, சிமென்ட் கிலோவுக்கு வந்துவிட்டது. சைட்டில் பேச்சு மட்டும் அடி, அங்குலம், சதுரம், யூனிட் என்று அப்படியே நிற்கிறது. இரண்டு மொழிக்கு நடுவில் நிற்பவர் தொழிலாளி. ஆகவே புதிதாக எதையும் படிக்கப் போகிறோம் என்று நினைக்க வேண்டாம். தெரிந்ததற்கு இன்னொரு பெயர் கற்கிறோம், அவ்வளவுதான்.

ஒன்பது அங்குலச் சுவர் வரைபடத்தில் 230 என்று இருக்கும். நாலரை அங்குலச் சுவர் 115. அரை அங்குலப் பூச்சு 12. ஐந்து அங்குல ஸ்லாப் 125. இந்த நான்கும் மனதில் நின்றால் பாதி வரைபடம் புரிந்துவிடும். மூலை மட்டம் பிடிக்க 3 அடி, 4 அடி, 5 அடி நூல் வைப்பது எந்தக் கொத்தனாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர்வில் அதையே 600, 800, 1000 மில்லிமீட்டர் என்பார்கள். மூன்றுக்கும் நான்குக்கும் ஐந்து என்ற பொருத்தம் மாறாதவரை எந்த அளவில் பிடித்தாலும் மூலை சரியாகவே விழும்.

ஓர் எச்சரிக்கை. அடி என்றால் 300 மில்லிமீட்டர் என்று பலர் பழகியிருக்கிறார்கள். சரியான அளவு 304.8. சின்ன இடத்தில் இது தெரியாது. பத்து மீட்டர் நீளச் சுவரில் பாருங்கள்: 300-ஆல் வகுத்தால் 33 அடி 4 அங்குலம், சரியாக வகுத்தால் 32 அடி 10 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆறு அங்குலம் எங்கே போயிற்று என்று அஸ்திவாரம் தோண்டிய பிறகு தேட வேண்டியிருக்கும். மாற்றிக் கணக்குப் போடாமல், வரைபடத்தில் மில்லிமீட்டர் இருந்தால் டேப்பிலும் மில்லிமீட்டர் பக்கத்தையே படிப்பது நல்லது.

கலவைக் கணக்கு இன்னும் எளிது. ஐம்பது கிலோ மூட்டை சிமென்ட் சுமார் ஒன்றேகால் கன அடி. ஒன்றுக்கு ஐந்து கலவை என்றால் ஒரு மூட்டைக்கு ஆறேகால் கன அடி மணல். ஒரு யூனிட் மணல் 100 கன அடி, அப்படியானால் பதினாறு மூட்டைக்கு வரும். சட்டியில் எண்ணிப் போடுகிறவர்கள், அந்தச் சட்டி எத்தனை கன அடி பிடிக்கும் என்று ஒரு முறை பெட்டியில் கொட்டி அளந்து வைத்துக்கொண்டால் போதும். ஈர மணல் உப்பி அதிகமாகத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் தேர்வு எடுப்பவர் மகிழ்வார்.

கம்பி வேலைக்காரர்களுக்கு ஒரே ஓர் எண்: 162. கம்பியின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் எத்தனை கிலோ என்று வரும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுத்தால் 0.889 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.67 கிலோ. டன்னுக்குச் சுமார் 94 கம்பி. கூலியை டன் கணக்கில் பேசியிருந்தால், இறங்கிய கம்பியை எண்ணியே உங்கள் கூலியைச் சொல்லிவிடலாம். எடைச் சீட்டைக் காட்டுங்கள் என்று கெஞ்ச வேண்டியதில்லை.

இந்தப் பயிற்சி யாருக்கு அதிகம் தேவை என்று கேட்டால் நான் சித்தாள் வேலை பார்க்கும் பெண்களைத்தான் சொல்வேன். இருபது வருடம் கலவை போட்டுச் சுமந்தவருக்கு விகிதம் தெரியாதா? செங்கல் எத்தனை பிடிக்கும் என்று தெரியாதா? தெரியும். ஆனாலும் கரண்டி கைக்கு வருவதில்லை, கொத்தனார் கூலியும் வருவதில்லை. ஆண் நிமிந்தாளாக, அதாவது கொத்தனாருக்கு உதவியாளாகச் சேர்ந்து நாலைந்து வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுகிறார். அந்த ஏணி பெண்ணுக்கு இல்லை. சைட்டில் கிடைக்காத வாய்ப்பு பயிற்சி நிலையத்தில் கிடைக்கும். அங்கே கரண்டியும் ரசமட்டமும் எல்லார் கையிலும் கொடுத்தாக வேண்டும். வாரிய அட்டை வைத்திருக்கும் அக்காமார்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பெயர் கொடுங்கள். துணைக்குத் துணையாகவும் இருக்கும்.

சான்றிதழ் கிடைத்த மறுநாளே மேஸ்திரி கூலியை உயர்த்திவிடுவார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய நிறுவனங்களின் சைட்டில் சேரும்போதும் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போதும் தாள் கேட்கிறார்கள். மத்திய அரசு அறிவிக்கும் கட்டுமானக் குறைந்தபட்சக் கூலி திறனற்றவர், ஓரளவு திறன் பெற்றவர், திறன் பெற்றவர், மிகுந்த திறன் பெற்றவர் என்று நான்கு படிகளில் இருக்கிறது. எந்தப் படியில் உங்களை வைக்க வேண்டும் என்று வாதாட வேண்டி வந்தால், கையில் ஓர் ஆவணம் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

சேர்வது எப்படி? வாரியப் பயிற்சிக்கு முதலில் பதிவு இருக்க வேண்டும். 18 வயது முடிந்து 60 வயதுக்குள் இருப்பவர், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் குறைந்தது 90 நாள் கட்டுமான வேலை செய்திருந்தால் பதிவு செய்யலாம் என்பது மத்தியச் சட்டம் வகுத்த தகுதி. ஆதார், குடும்ப அட்டை, வயதுச் சான்று, வங்கிப் புத்தகம், புகைப்படம், வேலை செய்ததற்கான பணிச் சான்று ஆகியவற்றுடன் வாரியத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். முடியாதவர்கள் சங்கத்தின் உதவியோடு செய்யலாம். ஏற்கெனவே பதிவு உள்ளவர்கள் அட்டையை எடுத்துப் புதுப்பிக்க வேண்டிய தேதியை இன்றே பாருங்கள். தேதி தாண்டிய அட்டையோடு போய்த் திரும்பி வருகிறவர்கள் நிறைய.

பயிற்சிக்குப் பெயர் கொடுக்க வேண்டிய இடம், உங்கள் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம். அந்த ஆணையர் பதவியின் பெயரில் சமூகப் பாதுகாப்புத் திட்டம் என்று சேர்ந்திருக்கும். தொழிலாளர் துறைக்கு வேறு அலுவலகங்களும் உண்டு என்பதால் பெயர்ப்பலகையில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்து உள்ளே போங்கள். ஆர்.பி.எல். முகாம் பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம். சான்றிதழ் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடு என்று இடையில் யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். தேர்வுக்கு உட்காராமல் கிடைக்கும் சான்றிதழ், சைட்டில் முதல் கேள்வியிலேயே வெளுத்துவிடும்.

போகும் நாளில் ஆவணங்களோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் உங்கள் சொந்த டேப்பும் எடுத்துப் போங்கள். பழகிய டேப்பில் மில்லிமீட்டர் பக்கத்தைப் படித்துப் பார்ப்பது, புது டேப்பில் படிப்பதைவிடச் சீக்கிரம் கைவரும்.