டிரான்ஸ்பாண்டர் இலவசம்தான், படகின் பதிவுச் சான்று (ஆர்.சி.) யார் பேரில் இருக்கிறது?

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர், அதாவது படகில் பொருத்தும் தகவல் தொடர்புக் கருவி, கொடுக்கிறார்கள். மொத்தம் 364 கோடி ரூபாய்த் திட்டம். படகுக்காரருக்குச் செலவில்லை. பின்னணி இவ்வளவு போதும்.

செல்போன் சிக்னல் கிடைக்காத ஆழ்கடலிலும் இது செயற்கைக்கோள் வழியாகப் பேசும். போனில் 'நப்மித்ரா' செயலியைப் போட்டு புளூடூத்தில் இணைத்தால் புயல் எச்சரிக்கை, எல்லை எச்சரிக்கை, மீன் கிடைக்கும் இடம் எல்லாம் வரும். ஆபத்து என்றால் கரைக்குச் சொல்லலாம்.

சரி, யாருக்குக் கிடைக்கும்? பதிவு உள்ள படகுக்கு. பாதிப் பேர் சிக்குவது இங்கேதான். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் படகு இறந்துபோன கணவர் பேரிலேயே இருந்தது. கடலுக்குப் போவது மகன். மீன்துறை அலுவலகத்தில் வாரிசுச் சான்று கேட்டார்கள், தாலுகா ஆபீஸில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு "அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். எத்தனை அடுத்த வாரம்! சான்று வந்தபின் "படகை நேரில் பார்க்க வேண்டும்" என்று புதிதாக ஒன்று. பார்க்க வந்த அன்று படகு கடலில். ஏழைக்கு நாள் குறிப்பவர்கள் கடல் தொழிலின் நேரத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிப் படகு வாங்கியவர்களுக்கும் இதே கதைதான். விற்றவர் ஊரை விட்டுப் போவதற்குள் பெயர் மாற்றிவிடுங்கள். இன்ஜினை மாற்றியிருந்தால் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் இன்ஜினில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெயர் மாற்றம், ஆய்வு எல்லாவற்றையும் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, முடித்துக்கொள்வது நல்லது. அப்போதுதான் விசைப்படகு கரையில் கட்டிக் கிடக்கும்.

படகு எண்ணில் 'எம்.எம்.' இருந்தால் விசைப்படகு, 'எம்.ஓ.' இருந்தால் இன்ஜின் மாட்டிய நாட்டுப்படகு. தமிழ்நாட்டில் முதலில் விசைப்படகுகளுக்குத்தான் பொருத்தினார்கள். அதற்காக "நாட்டுப்படகுக்குக் கிடையாது" என்று யாராவது வாயால் சொன்னால் திரும்பிவிடாதீர்கள். திட்டத்தில் இரண்டும் உண்டு. மனுவை எழுதிக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்கு மறுநாள் சாட்சி இருக்காது. பொருத்துகூலி என்று யாராவது பணம் கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு மாறும்.

கருவி வந்தபின் இன்னொரு புகார்: "மீன் இடமே காட்டவில்லை." அது பெரும்பாலும் கருவியின் பழுது இல்லை. செயற்கைக்கோளில் உள்ள உணரிகள் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும், பச்சையத்தை வைத்து நுண்பாசியின் அளவையும் பார்க்கின்றன. அதிலிருந்துதான் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் மீன் இடத்தைக் கணிக்கிறது. மேகம் மூடினால் உணரிக்குக் கடல் தெரியாது, அன்றைக்குக் கணிப்பும் வராது. தடைக்காலத்திலும் வராது.

கருவி கைக்கு வரும்வரை இந்தத் தகவலுக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. இன்காய்ஸின் 'சமுத்ரா' செயலியில் இலவசமாகவே கிடைக்கிறது. கரை தாண்டினால் சிக்னல் போய்விடும், கிளம்பும் முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.