"நாட்டுக்காகத்தான் சார்" என்கிற தம்பிகளுக்கு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ராத்திரி 11.30 மணி. கொங்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் தம்பியிடமிருந்து போன். "அண்ணே, லைன் மொத்தமும் அடைச்சுக்கிட்டு நிக்குது. யாரோ நம்மள அடிக்கிறாங்கன்னு பார்த்தா, உள்ள வர்றது ஒண்ணுமே இல்லண்ணே, எல்லாம் வெளிய போறது." மறுநாள் காலையில் ஆன்லைன் தேர்வு, அதனால் அவருக்குப் பதற்றம். எனக்கு எரிச்சல்தான் வந்தது, ஏனென்றால் இந்த வருஷத்தில் இது மூன்றாவது. போனை வைப்பதற்கு முன்பே "ஹாஸ்டல் சுவிட்சைப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஹாஸ்டலேதான். இரண்டாவது மாடி, மூன்று லேப்டாப். ஃபயர்வால் லாகில், அதாவது நெட்வொர்க்கின் காவல் கதவு வைத்திருக்கும் பதிவேட்டில், ஒரே ஐபி முகவரிக்கு நொடிக்கு ஆயிரக்கணக்கில் இணைப்புகள், பக்கம் பக்கமாக அதே வரி. நான் கோவையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. வார்டன் அறையில் மூன்று பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மேசைமேல் ஒருவனுடைய லேப்டாப், கறுப்புத் திரையில் பைதான் ஸ்கிரிப்ட் (தாக்குதலைத் தானாக நடத்தும் சின்ன நிரல்) பாதியில் நின்றிருந்தது, பக்கத்தில் ஒரு டெலிகிராம் சேனல், அதில் "இன்றைய இலக்குகள்" என்று 14 முகவரிகள், நெருப்புப் படம், கொடிப் படம். "நாட்டுக்காகத்தான் சார்" என்றான் அந்த லேப்டாப்காரன். தலையைக் குனிந்துகூடச் சொல்லவில்லை.

அந்த 14-ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ராணுவம் ஒன்றுகூட இல்லை. பக்கத்து நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் அப்பாயின்ட்மென்ட் பக்கம், ஒரு நகராட்சியின் தண்ணீர்க் கட்டணப் பக்கம், இரண்டு கல்லூரிகள், ஒரு பேக்கரி. சத்தியமாகப் பேக்கரி. இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, ராணுவத்துக்கு முக்கியமான எதுவும் பொது இணையத்தில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது. ஆஸ்பத்திரிதான் உட்கார்ந்திருக்கும். இவர்கள் இரண்டு மணி நேரமாக அடித்துக்கொண்டிருந்தது அந்த ஆஸ்பத்திரியைத்தான். அந்த "எதிரி நாட்டு சர்வர்" இருந்தது ஜெர்மனியில், வாடகை இடத்தில், இன்னும் எத்தனையோ பேருடைய வெப்சைட்டுகளோடு ஒரே முகவரியைப் பகிர்ந்துகொண்டு.

இப்போது எனக்கு மிகவும் எரிச்சல் தருகிற வாக்கியத்துக்கு வருகிறேன். மூன்று சம்பவத்திலும் ஒரு வார்த்தை மாறாமல் இதையே கேட்டேன்: "சார், நாங்க ஹேக் பண்ணல, வெறும் டிடாஸ்தான்."

வெறும் டிடாஸ். அதாவது உள்ளே புகாமல், ஒரே நேரத்தில் ஏராளமான இணைப்புகளை அனுப்பி ஒரு வெப்சைட்டைத் திணறடிப்பது. ஒரு பெரியாஸ்பத்திரியின் அவசர சிகிச்சை வாசல். 500 பேர் போய் அந்தச் சந்தில் நிற்கிறார்கள். உள்ளே நுழையவில்லை, எதையும் திருடவில்லை, ஒரு கண்ணாடியைக்கூட உடைக்கவில்லை, சும்மா நிற்கிறார்கள். பின்னால் ஆம்புலன்ஸ். "நான் ரோட்டுலதான சார் நின்னேன்" என்று அதில் ஒருவன் சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? ஆஸ்பத்திரி வெப்சைட் என்றால் சுவரில் ஒட்டிய போஸ்டர் என்று இந்தப் பையன்கள் நினைக்கிறார்கள். போஸ்டர் கிழிந்தால் நாளைக்கு இன்னொன்று ஒட்டிக்கொள்ளலாம், சரி. ஆனால் சின்ன ஆஸ்பத்திரிகளில் வெப்சைட், லேப் ரிசல்ட் வருகிற வழி, டாக்டர் வீட்டிலிருந்து ஸ்கேன் பார்க்கிற விபிஎன் எல்லாமே ஒரே குழாயில் ஓடுவதை நான் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன், நம் ஊரிலும்தான். நீங்கள் அடைப்பது எந்தக் குழாய் என்று உங்களுக்குத் தெரியாது. டயாலிசிஸுக்கு நேரம் வாங்க வந்தவருக்கு அந்தப் பக்கம் திறக்காதபோது, திருட்டா அடைப்பா என்கிற வித்தியாசத்தால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. சட்டத்துக்கும் அப்படித்தான். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, அனுமதி உள்ள ஒருவரை உள்ளே போகவிடாமல் தடுப்பதைத் தனியாகவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவு, 3 வருஷம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நாட்டுப்பற்றுக்கு விலக்கு என்று அதில் எங்கேயும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

"போர்னு வந்தா எல்லாம் நியாயம்தான சார், சைபர் போருக்கு ஏது சட்டம்?" இது இரண்டாவது பையன். இருக்கிறது தம்பி. 1949-இன் நான்காவது ஜெனீவா ஒப்பந்தம், 18-ஆவது உறுப்பு: பொதுமக்களுக்கான ஆஸ்பத்திரிகளை எந்தச் சூழ்நிலையிலும் தாக்கக் கூடாது. அதை எழுதியபோது இணையம் இல்லை, உண்மைதான். ஆனால் குண்டால் அடிக்காதே, ஸ்கிரிப்டால் அடித்துக்கொள் என்று யாரும் அதற்கு விளக்கம் எழுதவில்லை. மோதல் நடக்கும்போது போர்ச் சட்டம் கணினிக்கும் பொருந்தும் என்று 2021-இல் ஐநா நிபுணர் குழு அறிக்கை எழுதியது. அந்தக் குழுவில் இந்தியாவும் உண்டு, அமெரிக்கா, ரஷ்யா, சீனாவும் உண்டு. எதிலும் ஒத்துப்போகாதவர்கள் ஒத்துப்போன சில வரிகளில் அது ஒன்று.

உங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த இரண்டே நாளில், உக்ரைனின் அமைச்சர் ஃபெதொரொவ் டெலிகிராமில் ஆள் சேர்த்து "ஐடி ஆர்மி" ஆரம்பித்தார். எதிர்ப்பக்கம், ரஷ்யாவுக்கு ஆதரவாக, கில்நெட் மாதிரி ஹேக்கர் குழுக்கள். யூனிஃபார்ம் இல்லாத ஆயிரக்கணக்கான பேர் வீட்டிலிருந்தே போரில் இறங்கியதைப் பார்த்து, 2023 அக்டோபரில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் நிபுணர்கள் பொதுமக்களாக இருக்கும் ஹேக்கர்களுக்கு 8 விதிகள் எழுதினார்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும், படித்துவிடலாம். பொதுமக்களுடைய எதையும் தாக்காதே என்பது முதல் விதி. ஆஸ்பத்திரி, நிவாரண அமைப்புகள் பக்கமே போகாதே என்பது நான்காவது. அந்த 14 முகவரிகளும் முதல் விதியிலேயே அடிபட்டுப்போகும். நாங்கள் ஏன் கேட்க வேண்டும் என்று கில்நெட் முதலில் முறுக்கிக்கொண்டது, சில நாளிலேயே இரண்டு பக்கமும் விதிகளை மதிக்கிறோம் என்று பிபிசியிடம் சொன்னார்கள். சொன்னபடி நடந்தார்களா என்பது வேறு விஷயம். ஆனால் எங்களுக்கு விதி கிடையாது என்று சொல்ல அவர்களுக்கே கூச்சமாக இருந்தது பாருங்கள்.

அணை, அணுமின் நிலையம் மாதிரி, கை வைத்தால் ஊரையே அழிக்கக்கூடியவற்றைத் தொடாதே என்பது ஐந்தாவது. "எதிரி நாட்டு அணையின் கன்ட்ரோல் சிஸ்டம் நம் கையில்" என்று ஸ்கிரீன்ஷாட் பரவும்போது கைதட்டுகிறவர்கள், 2019 அக்டோபர் கடைசியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கூடங்குளத்தில் மால்வேர், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள், என்று செய்தி வந்தது. நிர்வாக வேலைக்கான இணைய இணைப்புள்ள ஒரு கணினியில்தான், உலைப் பக்கத்து அமைப்புகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அணுமின் கழகம் அறிக்கை விட்டது. அந்த அறிக்கை வரும்வரை திருநெல்வேலிக்காரர்கள் எத்தனை பேர் எனக்குப் போன் செய்தார்கள் தெரியுமா? என் சித்தி உட்பட.

தானாகப் பரவுகிற எதையும் அவிழ்த்துவிடாதே என்பது இரண்டாவது விதி. இதை நம்மவர்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2017 ஜூன் 27. உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பயன்படும் எம்.இ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற மால்வேர் இறங்கியது. குறி உக்ரைன். ஆனால் அதற்கு பாஸ்போர்ட் யார் கேட்டார்கள்? டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்குள் போய், அங்கிருந்து அவர்கள் நடத்திய நவி மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுக டெர்மினலையே முடக்கியது. உக்ரைனையும் ரஷ்யாவையும் வரைபடத்தில் காட்டத் தெரியாத கன்டெய்னர் லாரி டிரைவர்கள் இங்கே வரிசையில் நின்றார்கள். மெர்ஸ்க் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் புதிதாக நிறுவியது. (எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணைப் படித்தாலே முதுகு வலிக்கும்.) மொத்தச் சேதம் சுமார் ஆயிரம் கோடி டாலர் என்று அமெரிக்கா கணக்குச் சொன்னது. 2022 பிப்ரவரி 24-இல், ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த அன்றே, வயாசாட் செயற்கைக்கோள் மோடம்கள் தாக்கப்பட்டபோது ஜெர்மனி, மத்திய ஐரோப்பாப் பகுதியில் 5,800 காற்றாலைகள் தொலைக் கண்காணிப்பை இழந்தன. பல்லடம், உடுமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரிகிறது.

"சரி சார், அவங்க நம்ம ஆஸ்பத்திரியை அடிச்சா?" இதுவும் வந்தது, வராமல் இருக்குமா. எதிராளி மீறினாலும் நீ மீறாதே. எட்டாவது விதியே அதுதான், எழுதியவர்களுக்கு இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருக்கிறது. மீறினால் அடிபடுவது யார் என்று பாருங்கள்: 2022 ஜனவரியில் செஞ்சிலுவைக் குழுவின் சர்வருக்குள்ளேயே யாரோ புகுந்தது தெரியவந்தது. போரிலும் பேரிடரிலும் பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் பணிக்காகத் திரட்டிய 5,15,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள். காணாமல் போனவர் பெயர், தேடுகிறவர் பெயர். யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ அப்படி ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்தைத் தெரிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த விதிகளுக்குப் பல் இல்லை என்பதையும் மறைக்க மாட்டேன். நாடுகள் இணையத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 2015-இல் ஐநா நிபுணர்கள் வகுத்த 11 நெறிகள், நாடுகள் விருப்பப்பட்டு ஏற்றுக்கொள்கிறவை, அவ்வளவுதான். நாட்பெட்யாவுக்கு ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவினர் ஆறு பேர்மேல் 2020-இல் அமெரிக்கா குற்றம் சாட்டியது, விசாரணை நடந்து தண்டனை வந்ததா என்றால் இல்லை. ஆனால் ஹாஸ்டல் பையனே, இது உனக்குச் சாதகம் என்று நினைக்காதே. அந்த ஆறு பேருக்குப் பின்னால் ஒரு அரசாங்கம் நிற்கிறது. உனக்குப் பின்னால் வார்டன்தான் நிற்கிறார். போதாததற்கு, சண்டையில் நேரடியாகக் கலந்துகொள்கிற பொதுஜனம், கலந்துகொள்கிற நேரத்துக்கு, பொதுஜனத்துக்கான பாதுகாப்பை இழக்கலாம் என்பதும் போர்ச் சட்டம்தான். அந்த 11-இல் ஒன்று, தன் மண்ணிலிருந்து இப்படிப்பட்ட தாக்குதல் நடப்பதைத் தெரிந்தே அனுமதிக்கக் கூடாது என்று நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது. நீ நாட்டுக்காகச் செய்ததாகச் சொல்வது, நாட்டுக்குத்தான் கேள்வியாகத் திரும்பி வரும்.

அதனால் ஆனதுதான் என்ன? 2025 மே இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது 15 லட்சம் தாக்குதல் நடந்ததாகவும் அதில் 150-தான் பலித்ததாகவும் மகாராஷ்டிர சைபர் போலீஸ் சொன்னது. கதவைத் தட்டிப் பார்ப்பதையும் தாக்குதல் கணக்கில் சேர்க்கிற பழக்கம் எங்கள் துறையில் உண்டு, அது இருக்கட்டும். அந்தப் பக்கத்துப் பையன்கள் கொட்டிய உழைப்புக்கு இதுதான் பலன். இந்தப் பக்கத்துக் கணக்கு மட்டும் பெருமையாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முகம் தெரியாதவன் கொடுக்கிற ஸ்கிரிப்டை ஓட்டாதே. இந்தப் பையன்களுக்கு ஸ்கிரிப்ட் வந்த ஜிப் ஃபைலில் இன்னொரு ஃபைலும் இருந்தது, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை வாரி எடுத்துக்கொண்டு போகிற வகை. ஒரு பையன் லேப்டாப்பில்தான் அவன் அம்மா நெட்பேங்கிங் பார்ப்பார். ராத்திரி 2 மணிக்கு அவரை எழுப்பி, பாங்கில் சொல்லி முடக்கவைத்தோம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள். திறமை இருக்கிறது என்றால் சிடிஎஃப் என்கிற, அனுமதியோடு நடக்கும் ஹேக்கிங் போட்டிக்குப் போ, பாதுகாப்பு ஓட்டை கண்டால் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு எழுது, பெயரும் கிடைக்கும். பெற்றோர்களே, பையன் "தேசத்துக்காக" ராத்திரி விழித்திருக்கிறான் என்றால் என்ன செய்கிறான் என்று கோபப்படாமல் ஒரு முறை கேளுங்கள், ப்ளீஸ்.

கல்லூரிகளுக்குக் கோபமாகவே சொல்கிறேன்: உள்ளே வருவதற்கு மட்டும் ஃபயர்வால் போட்டுவிட்டு வெளியே போவதைத் திறந்துவிடாதீர்கள். ஒரு ஹாஸ்டல் லேப்டாப்புக்கு நொடிக்கு ஆயிரம் இணைப்பு எதற்கு? லாக் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022-லேயே செர்ட்-இன் உத்தரவு வந்துவிட்டது, இந்தக் கல்லூரியில் இருந்தது 9 நாளுக்குத்தான். கம்பெனிக்காரர்கள் இன்று சாயங்காலமே சைபர் இன்ஷூரன்ஸ் பத்திரத்தை எடுத்து, போர் விலக்கு (போரால் வந்த சேதத்துக்குப் பணம் கிடையாது) என்று எழுதியிருக்கும் பத்தியைப் படியுங்கள். நாட்பெட்யாவுக்கு இழப்பீடு கேட்ட மெர்க் மருந்து நிறுவனத்திடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அதைக் காட்டித்தான் கையை விரித்தன. மெர்க் கோர்ட்டில் ஜெயித்தது, ஆனால் வழக்கு முடிய 2024 ஆகிவிட்டது. உங்களிடம் அத்தனை வருஷம் தாங்குகிற பணம் இருக்கிறதா?

3 மணிக்கு முதல்வர் வந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "டெக்னிக்கல் ஃபால்ட்னு எழுதிடலாமே சார், அட்மிஷன் நேரம்" என்றார். செர்ட்-இன்னுக்குச் சொல்ல 6 மணி நேரம்தான் கெடு சார், அதில் மூன்றரை ஓடிவிட்டது என்றேன். டீ வரவழைத்தார். மூன்றாவது பையன், அதுவரை வாயே திறக்காதவன், ஆங்கிலத்தில் அறிக்கை எழுத உதவட்டுமா என்று கேட்டான். நன்றாகவே எழுதினான். 4.40-க்கு அனுப்பினோம்.