கடைமடை போனில் திறந்து பாருங்கள்

போன தை மாதம், சம்பா அறுவடை மும்முரமாக நடந்த நேரம். அறுவடை மெஷின் புக் செய்ய நான் எழுதிக் கொடுத்த வெப் ஆப்பை, மன்னார்குடிப் பக்கத்து ஏஜென்ட் ஒருவர் வரப்பில் நின்று திறந்திருக்கிறார். "தம்பி, வெள்ளையா நிக்குது, சுத்திக்கிட்டே இருக்கு. நான் போன் போட்டே மெஷின் சொல்லிட்டேன்" என்றார். கும்பகோணத்தில் என் லேப்டாப்பில் சட்டென்று வந்தது. வராமல் என்ன? ஏற்கெனவே இறங்கியதை பிரவுசர் சேமித்து வைக்கும் இடம்தான் கேஷ் (cache). எல்லாம் என் கேஷில் கிடந்தது. முதல்முறை திறப்பவருக்கு அது ஏது?

குரோம் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில், இறங்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் நெட்வொர்க் பகுதியில் கேஷை அணைத்து, வேகத்தை ஸ்லோ 4ஜிக்கு இறக்கித் திறந்தேன். ஒரே ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல், 2 எம்பிக்கு மேல். லாகின் திரையில் இருப்பதோ போன் நம்பர் பெட்டி ஒன்று, பட்டன் ஒன்று. அதைக் காட்ட, முதலாளி மாதக் கடைசியில் பார்க்கும் சார்ட்டை வரையும் லைப்ரரியும் (பிறர் எழுதி வைத்த ரெடிமேட் கோட்) ரசீது அடிக்கும் பிடிஎஃப் லைப்ரரியும் சேர்ந்தே இறங்கின. படம் என்றால் இறங்கியதும் பெரும்பாலும் வேலை முடிந்தது. ஜாவாஸ்கிரிப்ட் இறங்கிய பிறகுதான், அதைப் படித்து ஓட்டும் வேலையே போனுக்கு ஆரம்பிக்கும். விலை குறைந்த போன் அங்கேதான் மூச்சு வாங்கும். இரண்டையும் டைனமிக் இம்போர்ட் ஆக்கினேன். அந்தத் திரைக்குப் போனால்தான் இறங்கும். பாதி வியாதி அதிலேயே தீர்ந்தது.

அப்புறம் பார்த்தால், ஃபைலைச் சுருக்கி அனுப்பும் ஜிஜிப்பை சர்வரில் ஆன் செய்யவே இல்லை. தமிழில் ஆப் எழுதுகிறவர்கள் இதை விடவே கூடாது. எழுத்தை பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் 'க' 3 பைட், 'கோ' 6 பைட். ஒரே மாதிரி பைட்டுகள் திரும்பத் திரும்ப வருவதால் நன்றாகவே சுருங்கும். தமிழ் ஃபான்ட் வரும்வரை எழுத்து மறைந்து கிடந்தது. ஃபான்ட் டிஸ்ப்ளேவை ஸ்வாப் ஆக்கியதும் போனில் உள்ள எழுத்திலேயே முதலில் தெரிந்தது. போனில் எடுத்து, அளவைக் குறைக்காமல் அப்படியே ஏற்றிய மெஷின் போட்டோவைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன்.

இதற்கு நடுவே, "பெரிய சர்வர் வாங்கிடலாமா?" என்று முதலாளி கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த நெட்வொர்க் பட்டியலின் முதல் வரி, அதாவது பக்கத்தின் அடிப்படை ஃபைலான எச்டிஎம்எல், உடனே வந்துகொண்டிருந்தது. அந்த வரியே காத்துக் கிடந்தால்தான் சர்வரைச் சந்தேகிக்க வேண்டும்: யாரும் வராத நேரத்தில் இலவச ஹோஸ்டிங் சர்வரை நிறுத்திவைத்து, ஆள் வந்ததும் மறுபடி எழுப்புகிறதா, சர்வர் மும்பையில் இல்லாமல் அமெரிக்காவில் இருக்கிறதா என்று.

திரையில் முதலில் தெரிவதில் ஆகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 விநாடிக்குள் வந்தால் நல்லது என்கிறது கூகுள். என் லேப்டாப் அளவை இப்போது நான் நம்புவதில்லை. டிராயரில் ஒரு பழைய போன் கிடக்கிறது. புதிதாக எதையாவது ஏற்றினால், மன்னார்குடி பஸ்ஸில் நீடாமங்கலம் போவதற்குள் அதில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவேன்.